என்னைக் கேட்காமல் நடந்த வழியனுப்பு

மகனே,

அன்புள்ள என்று எழுதிவிட்டு அடித்துவிட்டேன். அன்பு இல்லாமல் இல்லை, அது எங்கே போய்விடப் போகிறது. ஆனால் கோபம் இன்னும் இறங்கவில்லை. உள்ளே கோபத்தை வைத்துக்கொண்டு மேலே அன்பை எழுதி அனுப்புகிற வழக்கம் எனக்கு இல்லை என்பது உனக்கே தெரியும். பத்து நாளும் ஆழ்வார்குறிச்சியில் உன் சித்தி வீட்டில் இருப்பதாகச் சொன்னேன். அது பொய். நான் இருந்தது பெங்களூரில், உன் வீட்டிலிருந்து இரண்டு பஸ் தூரத்தில். திரும்பி வந்த அன்று காலையில் நேராகச் சித்தி வீட்டுக்குப் போனேன். நீ போன் செய்தாய். அவளுக்குப் பொய் சொல்லிப் பழக்கம் போதாது, "இப்பதான் பெங்களூர்லேருந்து வந்து குளிக்கா" என்று உளறிவிட்டாள். அதற்குப் பிறகு நீ போட்ட சத்தத்தில் அவள் போனைக் கையெட்டும் தூரத்தில் பிடித்துக்கொண்டு நின்றாள். ஈரத்தலையோடு வந்த எனக்கே தெளிவாகக் கேட்டது. "அறுபத்திநாலு வயசுல தன்னந்தனியா! எங்க ஊருக்கே வந்துட்டு எங்க வீட்டுக்கு வராமப் போயிருக்கா! ஏன்னு கேளுங்க சித்தி, ஏன்னு கேளுங்க!" ஏன் என்று போனில் சொன்னால் நீ நடுவில் பேசுவாய். அதனால் எழுதுகிறேன். பிரியாவும் படிக்கட்டும். பேத்திக்கு எழுத்துக் கூட்டத் தெரிந்ததும் அவளும் படிக்கட்டும். இதில் மறைக்க எனக்கு ஒன்றுமில்லை.

முதலில் உன் பக்கத்து நியாயத்தைச் சொல்லிவிடுகிறேன். கிறிஸ்துமஸ் முடிந்த வாரம் நம் பாளையங்கோட்டை வீட்டுக் குளியலறையில் வழுக்கி விழுந்தேன். இடது மணிக்கட்டு முறிந்தது. அப்போது காலை ஏழு மணி. பால் பாக்கெட் வாசலிலேயே கிடப்பதைப் பார்த்துச் சந்தேகப்பட்டு, பக்கத்து வீட்டு ரெபேக்கா கதவைத் தட்டும்போது எட்டரை. அந்த ஒன்றரை மணி நேரமும் ஈரத் தரையில் கிடந்து, கூரையில் இருந்த பல்லியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பயந்தேன். உன்னிடம் மட்டும் "ஒண்ணுமில்லலே, சின்ன வழுக்கல்" என்றேன். நீ நம்பவில்லை. தூத்துக்குடிக்கு விமானம் பிடித்து மத்தியானத்துக்குள் ஆஸ்பத்திரி வாசலில் நின்றாய். நாலு நாள் எனக்குத் தலை வாரிவிட்டாய். உச்சியை ஒரு நாள்கூட நேராக எடுக்கவில்லை, ஆனால் நாலு நாளும் வாரினாய். இனி அம்மாவைத் தனியே விடக்கூடாது என்று நீ நினைத்ததில் ஒரு குறையும் நான் சொல்ல மாட்டேன். அந்த இடம் வரைக்கும் நீ செய்தது எல்லாம் சரி.

தப்பு, நீ ஊருக்குப் போன பிறகு வந்த ஞாயிற்றுக்கிழமை எனக்குத் தெரிந்தது. கோயிலில் ஆராதனை நடுவே, காணிக்கை எடுப்பதற்கு முன்னால் அறிவிப்பு வாசிப்பார்கள். பெண்கள் ஐக்கியக் கூட்டம், ஒரு கல்யாண அறிவிப்பு, அதற்கடுத்து நம் குருவானவர் ஐயர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு வாசித்தார். நம் சபையில் முப்பத்தெட்டு வருஷமாக உண்மையோடு இருந்த சகோதரி இன்னார், மகனோடு பெங்களூரில் குடியேறப் போகிறபடியால், அங்குள்ள சபையில் சேர்ந்துகொள்ள அவர்களுக்கு மாற்றல் கடிதம் வழங்கப்படுகிறது, எல்லாரும் எழுந்து நின்று அவர்களுக்காக ஜெபிப்போம் என்றார். நானும் எழுந்து நின்றேன். வாசித்தது என் பேர் என்று மண்டையில் உறைப்பதற்குள் பழக்கதோஷத்தில் கண்ணை மூடிவிட்டேன். புது ஊரிலும் தேவன் அவர்களுக்குத் துணையிருக்கட்டும் என்று ஐயர் முடித்தார். சபை முழுக்க ஆமென் சொன்னது. நானும் சேர்ந்துதான் சொன்னேன்.

வாசலில் ஒருத்தர் பாக்கியில்லாமல் என் நல்ல கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். "எக்கா, ஒரு வார்த்த சொல்லவே இல்லியே!" என்று ஒருத்தி. "மகன் கூட்டிட்டுப் போறான்னா குடுத்து வச்சிருக்கணும்லா" என்று இன்னொருத்தி. அங்கே நின்று, எனக்கே இப்போதுதான் தெரியும் என்று சொன்னால் யாருக்கு அசிங்கம்? உனக்கு. அதனால் சிரித்தேன். அடுத்த வாரம் பெண்கள் ஐக்கியத்தில் எனக்கு வழியனுப்பு விழா. சக்கரம் வைத்த நீலப் பெட்டி ஒன்று கொடுத்தார்கள். பேசச் சொன்னார்கள், பேசினேன், நன்றாகவே பேசினேன். இரண்டு பேர் அழுதார்கள். அதற்குப் பிறகுதான் வேடிக்கை. உழவர் சந்தையில் கத்திரிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தால் பின்னாலிருந்து ஒரு குரல், "இன்னும் போகலியாக்கா?" பஸ் ஸ்டாப்பில் நின்றால், "எப்ப பயணம்?" பாட்டுப் பாடி அனுப்பிவைத்த ஆள் தினமும் கண்ணில் பட்டுக்கொண்டிருந்தால் அவர்களுக்கும் சங்கடம்தானே. என் சொந்தத் தெருவில் நான் ஒளிந்து நடக்க ஆரம்பித்தேன்.

உனக்குப் போன் செய்து கேட்டேன். நீ கொஞ்சமும் பதறவில்லை. "எம்மா, உங்கிட்டச் சொன்னா நீ யோசிச்சிக்கிட்டே இருப்ப. அதான் நானே முடிச்சிட்டேன். ஐயர்ட்டப் பேசியாச்சி. வீட்டப் பார்க்கவும் ஆள் வருதாங்க. நீ ஒண்ணுக்கும் அலைய வேண்டாம், வந்து உக்காந்தாப் போதும்" என்றாய். வந்து உட்கார்ந்தால் போதுமாம். இரண்டு நாள் அந்த வார்த்தை எனக்குச் சோறு இறங்கவிடவில்லை. மாற்றல் கடிதம் உனக்கு ஒரு காகிதம். அது கொடுக்கப்பட்டால் சபைப் பதிவேட்டில் என் பேர்மேல் ஒரு கோடு விழும். கல்யாணமாகி வந்த வருஷம் உன் அப்பா பேருக்குக் கீழே எழுதின பேர் அது. நான் உயிரோடு, நல்ல நினைவோடு, இரண்டு தெரு தள்ளி இருக்கும்போது, என் பேரில் கோடு போட நீ விண்ணப்பம் கொடுத்திருக்கிறாய்.

பேரை விட்டுவிடுவது என்றால் என்னவென்று எனக்குத் தெரியும். அதைச் செய்தவள் நான். நீ நாலாம் வகுப்பில் இருந்தபோது நான் ஆழ்வார்குறிச்சிப் பக்கத்தில் வருவாய் ஆய்வாளர். ஜனங்கள் வாயில் ஆர்.ஐ. அம்மா. கடனாநதிக் கரையில் ஒரு ஊரில் ஒரு விவசாயி இறந்துபோனார். வாரிசுச் சான்று கேட்டு மனு வந்தது. மனைவி, மூன்று மகன்கள் என்று கிராம நிர்வாக அலுவலர் அறிக்கை வைத்திருந்தார். நான் நேரில் போய் அக்கம்பக்கத்தில் விசாரித்த பிறகுதான் கையெழுத்துப் போட வேண்டும். அன்றைக்கு நல்ல மழை, உனக்கு வேறு காய்ச்சல். விசாரித்தேன் என்று எழுதி, கையெழுத்துப் போட்டுவிட்டு, ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். மூன்று மாதம் கழித்து என் மேஜைக்கு முன்னால் ஒரு பெண் வந்து நின்றாள். அந்த வீட்டு மகள். வேறு சாதியில் கல்யாணம் முடித்துப் போனவள் என்று அண்ணன்மார் அவள் பேரை விட்டுவிட்டார்கள். அவள் சத்தம் போடவில்லை. "நான் செத்துட்டேன்னு எழுதியிருந்தாக்கூட மனசு ஆறியிருக்கும்மா. நான் பொறக்கவே இல்லைன்னுல்லா எழுதிட்டிய" என்றாள். அந்தப் பேரைத் திரும்பச் சேர்க்க அவள் இரண்டு வருஷம் அலைந்தாள். நானும் அவள் பின்னாலேயே அலைந்தேன். எனக்கு மெமோவும் வந்தது, வரத்தான் வேண்டும். அன்றிலிருந்து இடத்தைப் பார்க்காமல், ஆளைப் பார்க்காமல் நான் எதிலும் கையெழுத்துப் போட்டதில்லை. உன் கல்யாண மண்டபத்தையே மூன்று தடவை போய்ப் பார்த்துவிட்டு வந்தேன் என்று நீயும் பிரியாவும் என்னைக் கேலி செய்தீர்கள்.

இனி வருவது எனக்கு எழுதக் கஷ்டமான பகுதி. நீ சொன்னாயே, யோசித்துக்கொண்டே இருப்பாய், அதனால் நானே முடித்துவிட்டேன் என்று, அந்த வார்த்தையை நீ எங்கிருந்து எடுத்தாய் என்று எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது. பன்னிரண்டாம் வகுப்பு முடிந்த கோடையில் நான் உன்னிடம் சொன்ன வார்த்தை அது. உனக்கு மீன் என்றால் கிறுக்கு. கொக்கிரகுளம் ஆற்றில் பிடித்த குஞ்சுகளைக் கண்ணாடிப் பாட்டில்களில் விட்டு, ஜன்னல் நெடுக வரிசையாக வைத்திருப்பாய். தூத்துக்குடியில் மீன்வளம் படிக்கிறேன் என்று சொல்லிக்கொண்டிருந்தாய். நீ சித்தி வீட்டுக்குப் போயிருந்த வாரத்தில் நான் பொறியியலுக்கு விண்ணப்பத்தைப் பூர்த்தி செய்து, பெற்றோர் கையெழுத்தைப் போட்டு, உன் கையெழுத்தையும் நானே போட்டு அனுப்பிவிட்டேன். ஊருக்கெல்லாம் பார்த்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்ட ஆர்.ஐ. அம்மாதான் இதையும் செய்தது. கோயம்புத்தூர் பஸ்ஸில் மதுரை வரைக்கும் நீ என்னோடு பேசவில்லை. மதுரையில் வடை வேண்டுமா என்று கேட்டேன், தலையாட்டினாய். சமாதானமாகிவிட்டான் என்று நானாக முடிவு செய்துகொண்டேன். பாட்டில்களை எல்லாம் யார் காலி செய்தார்கள் என்று நீ இன்றுவரை கேட்டதில்லை. நான்தான். ஆற்றில் கொண்டுபோய்த்தான் விட்டேன். இதற்கு நான் உன்னிடம் மன்னிப்புக் கேட்கிறேன். வருஷக்கணக்கில் தாமதமான மன்னிப்பு, ஆனாலும் கேட்கிறேன். நான் செய்ததற்கு நீ செய்தது சரியாகப் போயிற்று என்று மட்டும் நினைத்துவிடாதே. அப்படிச் சரிக்குச் சரி ஆக நான் சம்மதிக்க மாட்டேன்.

ஆக, பெண்கள் ஐக்கியம் கொடுத்த அதே நீலப் பெட்டியில் நாலு புடவையையும் ஒரு கோடு போட்ட நோட்டையும் வைத்துக்கொண்டு ரயிலேறினேன். அல்சூரில் ஒரு பெண்கள் விடுதியில் பத்து நாளைக்கு இடம் பிடித்திருந்தேன். அரண்மனை, பூங்கா எதையும் நான் போய்ப் பார்க்கவில்லை. ஒரு கிழவி தனியே இறங்கினால் பஸ்காரன் வண்டியை முழுசாக நிறுத்துகிறானா என்று பார்த்தேன். கன்னட எழுத்து தெரியாதவள், எண்ணை மட்டும் பார்த்துச் சரியான வண்டியில் ஏற முடிகிறதா என்று பார்த்தேன். ஒரு ஆஸ்பத்திரிக்குள் போய், உடம்புக்கு ஒன்றுமில்லாமலே சீட்டு வாங்கி, எவ்வளவு நேரம் உட்கார வைக்கிறார்கள் என்று பார்த்தேன். டாக்டர் என்ன செய்கிறது என்றார். மணிக்கட்டைக் காட்டினேன். நல்லாக் கூடியிருக்கிறது, போங்கம்மா என்றார். தண்ணீரைக் குடித்துப் பார்த்தேன். தாமிரபரணித் தண்ணீர் குடித்த வாய்க்கு வேறு எதுவும் தண்ணீர் இல்லை என்று உன் அப்பா பெருமையடிப்பார். எனக்கு அந்தப் பெருமை கிடையாது. குடிக்கும்படிதான் இருந்தது, அதில் டீயும் நன்றாக வந்தது. எல்லாவற்றையும் ராத்தங்கலுக்கு வந்து நோட்டில் எழுதினேன். தினமும் சித்திக்குப் போன் செய்து, உனக்கு என்ன பொய் சொல்ல வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தேன்.

ஆறாம் நாள் உன் பக்கத்தைப் பார்க்க வந்தேன். உன் வீட்டுக்கு வருவதாகத் திட்டமில்லை, வெளியே நின்று பார்ப்பதாகத்தான் திட்டம். ரோட்டோரம் நடக்க இடமில்லை. காய்கறிக் கடைக்கு இருபது நிமிஷம், நடுவில் பெரிய ரோட்டைத் தாண்ட வேண்டும். பஸ் ஸ்டாப்பில் உட்கார இடமில்லை. தண்ணீர் லாரியில் வருகிறது. எதிரே ஒரு இளநீர் வண்டி, அது ஒன்றுதான் மனுஷர் நிற்கிற இடம். எல்லாம் எழுதிவிட்டு உன் கட்டடத்தை அண்ணாந்து பார்த்தேன். பதினோராம் மாடியில் மஞ்சளாக ஏதோ காய்ந்துகொண்டிருந்தது. பேத்திக்கு நான் எடுத்துக்கொடுத்த கவுனாக இருக்கும் என்று நானாக நினைத்துக்கொண்டேன். அதற்கு மேல் மனசு கேட்கவில்லை. திட்டமாவது ஒன்றாவது என்று வாசலுக்கு நடந்துவிட்டேன்.

காவலுக்கு இருந்த பையன் கிருஷ்ணகிரிப் பக்கம். "எந்த வீடும்மா?" என்றான். எண்ணைச் சொன்னேன். "பேரெல்லாம் வேணாம்மா, இப்படிப் பாருங்க" என்று போனைத் தூக்கி என்னைப் படம் எடுத்தான். புடவைத் தலைப்பைச் சரிசெய்யக்கூட நேரம் கொடுக்கவில்லை. உன் போனுக்கு அந்தப் படம் போகும், நீ சரி என்று தட்டினால் கதவு திறக்கும், அதுதான் முறை என்றான். படத்தைப் பார்த்ததும் நீ என்ன செய்வாய், திட்டுவாயா, ஓடிவருவாயா, என்ன பொய் சொல்லிச் சமாளிப்பது என்று யோசித்துக்கொண்டே நின்றேன். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. பையன் போனைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். "வேணாம்னு வந்துருச்சும்மா" என்றான். அவனுக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. "இன்னொருக்கா அனுப்பட்டுமா?" என்று கேட்டான். வேண்டாம் தம்பி, வீட்டை மாற்றிச் சொல்லிவிட்டேன் போல என்று சொல்லிவிட்டுத் திரும்பினேன்.

நீ வேண்டுமென்று செய்யவில்லை. அது எனக்குத் தெரியும், என் மேல் சத்தியமாகத் தெரியும். வேலையில் இருந்திருப்பாய், பார்சல்காரன் என்று நினைத்திருப்பாய், படத்தைப் பார்க்காமலே தட்டியிருப்பாய். உன் போனில் அது இன்னும் இருக்கும் என்று அந்தப் பையன் சொன்னான். எடுத்துப் பார். வெள்ளிக்கிழமை, மத்தியானம் மூன்றே கால். பச்சைப் புடவை, சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாத ஒரு மூஞ்சி. இளநீர் வண்டி நிழலில் போய் நின்று அழுதேன். வண்டிக்காரர் ஒரு ஸ்டூலை எடுத்துப் போட்டார். அழுகைக்கு நடுவில் அந்தக் கடனாநதிக்கரைப் பெண் நினைவுக்கு வந்தாள். அவளுக்கு நான் செய்ததும் இதுதான். எனக்கும் அவள் மேல் ஒரு விரோதமும் இருக்கவில்லை, மழை பெய்தது, அவ்வளவுதான்.

அன்று நோட்டைத் திறக்கவில்லை. அழுத நாளில் எடுக்கிற முடிவு செல்லாது என்பது நான் எனக்கு வைத்திருக்கிற சட்டம். திரும்பும்போது எண்ணைத் தப்பாகப் பார்த்து வேறு பஸ்ஸில் ஏறிவிட்டேன். அது எங்கெங்கோ போயிற்று. இறங்கி, வழி கேட்டு, சிவாஜிநகர்ச் சந்தைக்குள் நுழைந்து, ஒருத்தன் கன்னடத்தில் சொல்ல இன்னொருத்தி தமிழில் திருப்ப, ஒரு பூக்காரி உருதுவில் வேறு திசையைக் காட்ட, இரண்டு மணி நேரம் நடந்தேன். நடக்க நடக்க அழுகை போய்விட்டது. சிரிப்பு வந்தது. பாளையங்கோட்டையில் முப்பத்தெட்டு வருஷத்தில் நான் ஒரு தடவைகூட வழி தவறினதில்லை. தவற விடமாட்டார்கள், நாலு எட்டு வைத்தால் நாலு பேர் எங்கே போகிறீர்கள் என்று கேட்பார்கள். இங்கே ஒருத்தரும் கேட்கவில்லை. எனக்கு அது பிடித்திருந்தது. உண்மையைச் சொல்கிறேன், ரொம்பப் பிடித்திருந்தது.

விடுதிக்குப் பக்கத்துத் தெருவில் ஒரு மளிகைக் கடை. எட்டாம் நாள் கருப்பட்டி கேட்டேன். கடைக்காரர் ஒரு டப்பாவைத் திறந்தார். ஒரு சில்லை எடுத்து வாயில் போட்டுவிட்டு, "இது சீனி கலந்ததுல்லா, உடன்குடிச் சரக்கு இல்லியா?" என்று கேட்டேன். அவர் தராசை விட்டுவிட்டு நிமிர்ந்து பார்த்தார். "எக்கா, எந்தூரு நமக்கு?" என்றார். பாளையங்கோட்டை என்றேன். "அங்கனயா! நான் திசையன்விளைப் பக்கம். உள்ள வாங்க, நல்லது உள்ளதான் வச்சிருக்கேன்" என்றவர், என்ன ஏதென்று விசாரித்தார். வாடகைக்கு வீடு பார்ப்பதாகச் சும்மா சொல்லிவைத்தேன். "மாடில ஒண்ணு காலியாத்தான் கெடக்கு. பைய ஏறிப் பாருங்க. பிடிச்சாப் பேசுவோம், இல்லைன்னா கருப்பட்டிய வாங்கிட்டுப் போங்க. கட்டாயமா பண்ணுதேன்?" என்றார். பார்த்தாயா, கடைக்கு வந்த முன்பின் தெரியாதவளிடம் ஏறிப் பார்க்கச் சொல்கிறார் அண்ணாச்சி. பெற்ற பிள்ளைக்கு அது தோன்றவில்லை.

ஏறிப் பார்த்தேன். பதினாலு படி, இரண்டு பக்கமும் பிடிமானம். ஒரு அறை, ஒரு அடுப்படி. குளியலறைத் தரை சொரசொரப்பு. செருப்பைக் கழற்றி, தண்ணீரை ஊற்றி, தேய்த்து நின்று பார்த்தேன். அண்ணாச்சியின் மனைவி வாசலில் நின்று சிரித்தாள். தெருவைப் பார்த்து ஒரு ஜன்னல். தமிழ்க் கோயில் நடந்து பத்து நிமிஷம், ஏரிக்கரை ஏழு நிமிஷம், ஆஸ்பத்திரி ஒரே பஸ். அன்று, ஒன்பதாம் நாள், பத்தாம் நாள் என்று மூன்று தடவை, மூன்று வெவ்வேறு நேரத்தில் போய்ப் பார்த்தேன்.

இந்த இடத்தில் நீ கடிதத்தை மடக்கிவிட்டுப் பிரியாவிடம் "அம்மா வரமாட்டா" என்று சொல்லத் தொடங்கியிருப்பாய். நிறுத்து. நான் வருகிறேன். பெங்களூருக்குத்தான் வருகிறேன். உன் வீட்டுக்கு அல்ல, அந்த மாடிக்கு. பதினோரு மாத ஒப்பந்தம், என் கையெழுத்து, என் பென்ஷனில் வாடகை. பதினோரு மாதம் முடிந்ததும் மறுபடி ஒரு தடவை எல்லாவற்றையும் பார்த்துவிட்டு இருப்பதா திரும்புவதா என்று சொல்வேன். பாளை வீட்டை விற்கவில்லை. பார்க்க வந்தவரைத் திண்ணமாகச் சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டேன். அதையும் பதினோரு மாதத்துக்கு வாடகைக்கு விட்டு, உன் மீன் பாட்டில் இருந்த அறையை மட்டும் பூட்டிச் சாவியைக் கொண்டுவருகிறேன். சித்தி கேட்டாள், அத்தானுக்குப் பக்கத்தில் கல்லறைத் தோட்டத்தில் உனக்கு இடம் இருக்கிறதே, அதை என்ன செய்வாய் என்று. செத்த பிறகு நான் எங்கே கிடப்பது என்பதை நீங்கள் எல்லாரும் கூடிப் பேசி முடிவு செய்யுங்கள், நான் குறுக்கே பேச மாட்டேன். உயிரோடு இருக்கும் வரைக்கும் எங்கே இருப்பது என்பதை நான் சொல்வேன்.

நேற்று ஐயரைப் பார்க்கப் போனேன். நீ விண்ணப்பித்து என் கைக்கு வந்த மாற்றல் கடிதத்தை மேஜையில் வைத்து, "ஐயர், எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டியளா?" என்றேன். அவர் நல்ல மனுஷர், முகம் சிறுத்துவிட்டது. "மகன் வந்து சொல்லும்போது அம்மாவுக்குத் தெரியாமலா இருக்கும்னு நெனச்சிட்டேன்மா" என்றார். "அப்படித்தான் ஐயர் எல்லாரும் நெனைக்காங்க" என்றேன். கடிதத்தை ரத்து செய்து, பதிவேட்டில் என் பேர் மேல் இருந்த கோட்டுக்குப் பக்கத்தில் மறுபடி என் பேரை எழுதி, தேதி போட்டார். அதற்குப் பிறகு நான் பையிலிருந்து வேறொரு விண்ணப்பத்தை எடுத்தேன். என் எழுத்தில், என் கையெழுத்தில், அல்சூர்க் கோயிலுக்கு மாற்றல் கேட்டு. அவர் இரண்டு தடவை படித்துவிட்டு, "அப்ப போகத்தானம்மா போறிய, பழைய கடிதமே போதுமே, கோயில் பேர மட்டும் திருத்திக்கிடலாமே" என்றார். போதாது என்றேன். வருகிற ஞாயிறு என் பேர் திரும்பச் சேர்ந்ததை வாசிக்க வேண்டும், அதற்கடுத்த ஞாயிறுதான் மாற்றலை வாசிக்க வேண்டும் என்றும் சொல்லிவிட்டு வந்தேன். அப்படியானால் மறுபடி ஒரு பெட்டி கிடைக்குமா என்று ரெபேக்கா கேட்கிறாள்.

உன் பயம் எனக்குப் புரியாமல் இல்லை. நான் மறுபடி விழலாம். பதினோராம் மாடியில் நீ ஆபீஸ் போன பிறகும் விழலாம். அதனால் தினமும் காலையில் ஏழு மணிக்கு நீ எனக்குப் போன் செய். எடுக்கவில்லை என்றால் கீழே அண்ணாச்சிக்குச் செய், அவர் மனைவியிடம் ஒரு சாவி இருக்கும். இதை உனக்காக ஒத்துக்கொள்கிறேன், இதற்கு மேல் கேட்காதே. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மூன்று பேரும் வாருங்கள், சொதி வைக்கிறேன். மற்ற நாளில் வருவதென்றால் கேட்டுவிட்டு வா, நான் வெளியே போயிருப்பேன். பேத்தியை மட்டும் எப்போது வேண்டுமானாலும் கொண்டுவந்து விடலாம். அவளுக்குப் பஸ் எண் படிக்கவும், ஏரிக்கரையில் குனிந்து மீன் பார்க்கவும் சொல்லிக்கொடுக்கப் போகிறேன். அவள் பெரியவளாகி எதைப் படிக்க ஆசைப்பட்டாலும், நீயும் நானும் அவளுக்குப் பின்னால் நின்று வாயை மூடிக்கொண்டிருப்போம்.

ஒன்றே ஒன்று. அந்த மாடி வீட்டுக்குக் காவல்காரர் கிடையாது, படம் எடுக்கிற போனும் கிடையாது. தெருவில் நின்று "எம்மா" என்று ஒரு குரல் கொடு. அடுப்பில் என்ன கொதித்தாலும் சிம்மில் வைத்துவிட்டு ஜன்னலுக்கு வருவேன். எட்டி, உன் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் சாவியைக் கீழே போடுவேன்.

உன் அம்மா